களப்புச் சேற்றில் பழைய வன்னியைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சுண்டிக்குளம் என்று இலங்கையின் வடபகுதியான வன்னியின் கிழக்குக் கரை முழுக்கக் களப்புகள் (கடலோரக் காயல்கள்). மாரியில் பேராறும் கனகராயன் ஆறும் கொண்டுவரும் சேற்றோடு காட்டுப் பூக்களின் மகரந்தம், இலைகளின் மேல்மெழுகு, சேனைப் பயிருக்குக் காடு எரித்த கரி எல்லாம் வந்து அடியில் படிகின்றன. படிந்தது படிந்த ஒழுங்கிலேயே கிடந்தால் போதும். ஒரு குழாயை இறக்கி, சேற்றை உருவி எடுத்து, கீழிருந்து மேலாகச் சோதித்துப் பார்த்தால், பல ஆயிரம் ஆண்டுகளில் மழை எப்படி மாறியது, காடு எப்படி மாறியது என்று சொல்ல முடியும். கடல் அடையல்களிலிருந்து பழங்காலநிலையை மீட்கும் துறை செய்வது இதைத்தான். வேறுபாடு ஆழத்திலும் செலவிலும் மட்டுமே.

இதைக் கேள்விப்படும் மாணவர்கள் பெரிய கப்பலையும் துளைகருவியையும் நினைத்து மலைத்துப்போகிறார்கள். எனக்கென்னவோ அதில் மலைக்க ஒன்றும் இல்லை. ஆள்பலமும் ஒரு வள்ளமும் இருந்தால் களப்பில் குழாய் இறக்கிவிடலாம். காலக்கணிப்பைக் காசு கொடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் செய்விக்கலாம். ஆனால் பாலை மரத்தின் மகரந்தம் நுணுக்குக்காட்டியில் எப்படித் தெரியும், முதிரைக்காட்டுக்குள் இருக்கும் ஒரு குளத்தின் இன்றைய சேற்றில் முதிரை மகரந்தம் எவ்வளவு விழுகிறது என்ற விபரங்களை எந்த வெளிநாட்டுக்காரரும் எங்களுக்குச் செய்து தரப்போவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் காட்டு வேலைக்குத்தான் முதலிடம்.

தொடங்குமுன்: எந்தக் கேள்விக்கு எந்தச் சேறு?

எவ்வளவு காலம் பின்னோக்கிப் போக வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள். இடத்தைத் தேர்வது அதற்குப் பிறகு.

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 முதல் 130 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குக் குடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்குள்தான். ஆகவே அன்று மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் கடலே இல்லை. விடத்தல்தீவு கரையோர ஊராக இல்லாமல் உள்நாட்டு மண்ணாக இருந்திருக்கும். கிழக்கே நிலைமை வேறு. கொக்கிளாயிலிருந்து திருகோணமலைப் பக்கம் போகப் போகக் கண்டமேடை (கரையை அடுத்த ஆழங்குறைந்த கடலடித் தளம்) ஒடுங்கி, கரைக்குக் கிட்டவே ஆழம் வந்துவிடும். பனி உருகிக் கடல் ஏறி, இன்றைய மட்டத்துக்கு அருகே வந்து சேர்ந்தது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்.

இதிலிருந்து இடத்தேர்வு தானாகவே வந்துவிடும். இன்றைய களப்புகள் கடல் மட்டம் நிலைத்த பிறகு உருவானவை; அவற்றின் களப்புச் சேறு உங்களை அந்த 7,000 ஆண்டுகளுக்குள்தான் கொண்டுபோகும். பாக்குக் குடாவில் குழாய் இறக்கினால் மேலே கடல் மணலும் சிப்பியும், அதற்குக் கீழே, வாய்ப்பிருந்தால், கடல் ஏறுமுன் இருந்த தரையின் மண்ணோ நன்னீர்ச் சதுப்பின் கரிய சேறோ கிடைக்கலாம். பனியூழிக் காலம் முழுவதும் இடைவெளியில்லாமல் வேண்டுமென்றால் வங்காள விரிகுடாவின் ஆழ்பகுதிக்குப் போகத்தான் வேண்டும். அங்கே அடையல் 1,000 ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவில்தான் படியும். நீண்ட காலம் கிடைக்கும், நுண்விபரம் கிடைக்காது.

ஆழ்கடலுக்குக் கப்பல் வேண்டுமே என்றால், எடுத்து வைத்ததையே பயன்படுத்தலாம். ஜோயிடீஸ் ரெசொலூஷன் என்ற ஆய்வுக் கப்பல் 2015இல் வங்காள விரிகுடாவில் துளையிட்டுவிட்டு மார்ச் கடைசியில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்தே அரபிக்கடலுக்குப் புறப்பட்டது. ஒரு தடவைக்கு 9.5 மீற்றர் நீளமாக அது உருவியெடுத்த இந்து சமுத்திர அடையல்கள் ஜப்பானின் கோச்சி நகரிலுள்ள களஞ்சியத்தில் குளிரூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வுத் திட்டம் எழுதி மாதிரி கேட்கலாம். அளவீட்டுத் தரவுகளைப் பங்கேயா போன்ற தளங்களில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை இது.

ஒரு எச்சரிக்கை. பருவக்காற்றின் பழைய வரலாறு என்று நீங்கள் வாசிக்கும் பல கட்டுரைகள் அரபிக்கடலைப் பற்றியவை. அங்கே குளோபிஜெரினா புல்லோய்ட்ஸ் என்ற நுண்ணுயிரின் ஓடுகள் கூடினால், அடிநீர் மேலெழும்பல் கூடியது, தென்மேல் பருவக்காற்று பலமாக வீசியது என்று கணிப்பார்கள். வன்னிக்கு அந்தக் காற்று மழை தருவதில்லை; சோளகமாக வந்து குளங்களை வற்றவைத்துவிட்டுப் போகும். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றோடும் விரிகுடாத் தாழமுக்கங்களோடும் வருவது. இலங்கைக்குள் நன்கு அறியப்பட்ட பதிவான ஹோட்டன் சமவெளி முற்றாச் சேற்றின் (பாதி மக்கிய தாவரச் சேறு) மகரந்த வரலாறு சுமார் 24,000 ஆண்டு நீளமானது, அருமையான வேலை. ஆனால் அது 2,000 மீற்றருக்கு மேலே உள்ள, தென்மேல் மழையும் பெறும் மலைநாடு. அதை அப்படியே தூக்கி முல்லைத்தீவுக்கு ஒட்டக்கூடாது.

முதற் படி: உயிரோடு நிற்கும் காட்டைப் படியுங்கள்

மகரந்தமணியின் சுவர் ஸ்போரோபொலெனின் என்ற பொருளாலானது. அமிலத்தில் கரையாது, காரத்தில் கரையாது, ஒட்சிசன் படாத சேற்றில் பல்லாயிரம் ஆண்டு கிடக்கும். ஒவ்வொரு தாவரக் குடும்பத்துக்கும் அந்தச் சுவரில் துளை, கீறல், முள், வலை என்று தனி அமைப்பு. ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் மாதிரி இருந்தால்தான் அதை அடையாளம் காண முடியும்.

ஆகவே ஒரு வருடம் காட்டோடு பழகுங்கள். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, நாவல், ஆற்றோரத்து மருது, மன்னார்ப் பக்கத்து உடை மரம், பனை, களப்போரத்துக் கண்டல், கண்ணா, தில்லை, உப்புத்தரையின் உமரி, குளக்கரைப் புற்கள், கோரை, தாமரை. இவை ஒவ்வொன்றும் பூக்கும்போது மொட்டு விரியும் நிலையில் பறித்து, காகித உறையில் போட்டு, பெயர், இடம், தேதி எழுதி உலர வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கிளையோடு ஓர் இலைமாதிரியும் அழுத்தி வைத்தால் பெயரில் சந்தேகம் வரும்போது தாவரவியலாளரிடம் காட்டலாம். எந்த மரம் எப்போது பூக்கும் என்பதைத் தேன் எடுக்கப் போகிறவர்களிடம் கேளுங்கள். பாடப்புத்தகத்தைவிட அவர்கள் சொல்வது துல்லியமாக இருக்கும்.

நுணுக்குக்காட்டியில் சில மணிகளை ஒருதரம் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். புல்லின் மணி உருண்டை, ஒரே ஒரு துளை, அந்தத் துளையைச் சுற்றி ஒரு தடித்த வளையம். உமரிக் குடும்பத்தினுடையது இடியப்ப உரலின் அச்சுத் தட்டைப் போல மேனி முழுக்கத் துளை. பாலை சேர்ந்த குடும்பத்தில் பெரும்பாலும் நான்கு கீறல், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. கண்டலின் மணி மிகச் சிறியது, மூன்று கீறல். 400 மடங்கில் பார்த்தால் தவறவிட்டுவிடுவீர்கள், 1,000 மடங்கும் எண்ணெய்த்துளியும் தேவைப்படும். உடை இனத்தில் மணிகள் தனித்தனியாக வராமல், பெரும்பாலும் பதினாறாக ஒட்டிய கட்டாக வரும்.

அந்தக் கட்டு பாரமானது, தூரம் போகாது. சேற்றில் ஒரு கட்டு கிடைத்தாலே மரம் கிட்டவே நின்றது என்று அர்த்தம். இதற்கு மாறாகப் புல்லும் உமரியும் காற்றுக்கு அள்ளி விடுபவை. நூறு மணி கிடைத்தாலும் பெரிய செய்தி இல்லை. பாலையும் வேறு பல காட்டுமரங்களும் பூச்சிகளை நம்பியவை, மகரந்தத்தை வீணாக்காதவை. எனவே வன்னியின் காட்டு மரங்கள் அடையலில் எப்போதும் உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகவே தெரியும். எவ்வளவு குறைவு? இதற்குத்தான் இன்றைய மேற்சேறு. அடர்காட்டுக்குள் இருக்கும் சிறு குளம், வயல் நடுவே இருக்கும் குளம், கண்டல் ஓரம், களப்பின் நடு, ஆற்றுமுகம் என்று வெவ்வேறு இடங்களில் மேலே உள்ள ஒரு சென்ரிமீற்றரை மட்டும் வழித்தெடுத்து, சுற்றிவர என்னென்ன மரம் நிற்கிறது என்று எழுதி, மகரந்தத்தை எண்ணுங்கள். காடு சூழ்ந்த குளத்திலேயே பாலை 3 விழுக்காடுதான் வருகிறது என்று நீங்கள் கண்டால், 4,000 ஆண்டுப் பழைய சேற்றில் வரும் 3 விழுக்காட்டைக் காடழிந்தது என்று எழுத மாட்டீர்கள்.

இந்த வேலைக்கு ஒரு நல்ல நுணுக்குக்காட்டியும் பொறுமையும் போதும். இதைச் செய்யாமல் நேரே குழாயோடு போகிறவர்கள் கடைசியில் புல், உமரி, “இனங்காணாதவை” என்று மூன்று கோடு கீறிக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

சுண்டிக்குளம் தேசிய பூங்கா, கொக்கிளாய் சரணாலயம், நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடம். மூன்றுக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலுக்குள் போனால் அரசின் நீர்வாழ் வள ஆய்வு நிறுவனமான நாராவோடு பேச வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப என்னென்ன கடிதம் தேவை என்பதையும் குழாய் இறக்குமுன்பே கேட்டுவையுங்கள். கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லாமல் களப்பில் குழாய் அடிக்கப் போனால், என்ன தேடுகிறார்கள் என்று ஊரே கூடிவிடும். அவர்கள் சந்தேகப்படுவதில் பிழையும் இல்லை.

வெடிபொருள் அபாயம் இன்னும் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றிய பகுதிதானா என்று கச்சேரியில் உறுதிசெய்யாமல் கரையில் கால் வைக்காதீர்கள். 2009 மே வரை நந்திக்கடல் கரைகளில் நடந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆய்வு நோக்கில் பார்த்தாலும் அந்தக் கரைகளில் மேற்சேறு கலைந்திருக்கக்கூடும், ஒழுங்கான படைகளை எதிர்பார்க்க முடியாது. அதைவிட முக்கியம், மனித எச்சம் என்று சந்தேகிக்கத்தக்க எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, எதையும் அசைக்காமல், பொலிசுக்கும் அவர்கள் மூலம் நீதவானுக்கும் அறிவிக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்தக் கரையை விட்டு நாயாற்றையோ கொக்கிளாயையோ தேர்வது நல்லது.

மூன்றாம் படி: குழாய் இறக்குதல்

வன்னிக் களப்புகளின் பெரிய சிக்கல் வற்றுதல். ஆவணி, புரட்டாதியில் விளிம்புகள் காய்ந்து வெடித்துக் கிடக்கும். காய்ந்த சேற்றுக்குள் ஒட்சிசன் புகுந்தால் மகரந்தம் அழியும். இரணைமடுப் படை என்று புவிச்சரிதவியலாளர் அழைக்கும் செம்மணலில் கற்காலக் கருவிகள் கிடைத்தாலும் மகரந்தத்தை அங்கே எதிர்பார்க்க முடியாததற்குக் காரணமும் அதுதான்; அந்தச் சிவப்பே ஒட்சிசன் பட்டதன் நிறம். ஆகவே கடும் கோடையிலும் நீர் நிற்கும் ஆழமான பகுதியைத் தேடுங்கள். எங்கே என்று இறால் பிடிப்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டு வள்ளங்களை இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை போட்டு, நான்கு மூலையிலும் நங்கூரமிட்டால் ஆடாத தளம் கிடைக்கும். நீர் அசையாத விடியற்காலை உகந்தது. 3 அங்குல பி.வி.சி. குழாயின் கீழ் விளிம்பை அரத்தால் கூராக்கி, நேராக இறக்கி, மேலே மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். அடித்து முடிந்ததும் குழாய்க்கு வெளியே சேற்று மட்டம் எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று இரண்டையும் அளந்து எழுத வேண்டும். உள்ளே தாழ்ந்திருந்தால் சேறு நசுங்கியிருக்கிறது. இந்த அளவை எழுதாவிட்டால் பிறகு ஆழக் கணக்கு முழுவதும் பிழைக்கும். அப்புறம் குழாயை விளிம்புவரை நீரால் நிரப்பி, மேல்வாயைக் காற்றுப் புகாமல் மூடி, மெதுவாக இழுங்கள். உறிஞ்சல் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். கீழ்வாய் நீர்மட்டத்துக்கு வருமுன்பே ஒருவர் கையை நீருக்குள் விட்டு அதை மூடிவிட வேண்டும்.

மேல், கீழ் என்று அம்புக்குறி போடுங்கள். மேல் நீரைச் சிறு துளையிட்டு வடியவிட்டு, இடைவெளியைப் பஞ்சால் அடைத்து, நிமிர்த்தியபடியே கொண்டுவாருங்கள். 4 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது.

முறையான கருவி வாங்க வசதியிருந்தால் மென்சேற்றுக்கு அரைவட்டக் கூண்டுள்ள ரஷ்யக் கருவி சிறந்தது, சேறு நசுங்காது. மணல் உள்ள இடத்தில் அது போகாது, அதிர்வுக் குழாய்க் கருவி வேண்டும்.

நான்காம் படி: பிளந்து பார்த்தல்

குழாயை நீளவாக்கில் இரு பக்கமும் அறுத்து, மெல்லிய கம்பியால் சேற்றை இரண்டாகப் பிளவுங்கள். ஒரு பாதி காப்புக்கு, அதைத் தொடக்கூடாது. மறு பாதி வேலைக்கு. பிளந்த கணத்தில் அழுகிய முட்டை மணம் வந்தால் சந்தோஷப்படுங்கள். ஒட்சிசன் இல்லாத சேறு, மகரந்தம் நன்றாக இருக்கும். உடனே அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், சாம்பல் கறுப்பு நிறம் காற்றுப் பட்டு மாறத் தொடங்கிவிடும்.

கறுப்புச் சேற்றுக்கு நடுவே கூரான அடிவிளிம்போடு ஒரு மணற்படை வந்தால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். கொக்கிளாய், புல்மோட்டைக் கரையின் மணலில் இல்மனைற்று போன்ற பாரமான கரிய கனிமங்கள் உண்டு. களப்புக்குள் அப்படியான மணல் கடற்சிப்பித் துகளோடு கிடந்தால் அது ஆறு கொண்டுவந்ததாக இருக்கச் சாத்தியம் குறைவு. கடல் மணற்றடையைத் தாண்டி உள்ளே வீசியது. மேலே கிடப்பது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையாக இருக்கலாம், சற்றுக் கீழே இன்னொன்று இருந்தால் 1964 டிசம்பர் புயலாக இருக்கலாம். தெற்கே அம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் 2004க்கு முந்திய பல பேரலைகளின் மணற்படைகளை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். காலநிலைக் கணக்கில் இந்தப் படைகளை ஒரே நாளில் விழுந்தவை என்று கழித்துவிட வேண்டும்.

பிறகு இரண்டு எளிய அளவீடுகள். மாதிரியை உலர்த்தி நிறுத்து, 550 பாகையில் 4 மணி நேரம் எரித்து மறுபடி நிறுத்தால் இழந்த எடை சேதனப் பொருள். 950 பாகைக்கு ஏற்றினால் இழப்பது சுண்ணாம்பின் காபனீரொட்சைட்டு. 63 மைக்குரோமீற்றர் அரிதட்டில் கழுவினால் மணல் தனியே வரும், போராமினிபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளும் அதில்தான் இருக்கும். உலை ஒன்று இருந்தால் போதும், இந்த இரண்டையும் உள்ளூரிலேயே முடிக்கலாம்.

ஐந்தாம் படி: காலம் கணித்தல்

இங்கே பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். காலம் பிழைத்தால் மற்றதெல்லாம் அழகான கதை மட்டுமே.

காபன் 14இன் அரைவாழ்வுக்காலம் 5,730 ஆண்டு, ஏறத்தாழ 50,000 ஆண்டுவரை எட்டும். எதைக் கொடுத்துக் கணிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. கடற்சிப்பியைக் கொடுத்தால் பல நூறு ஆண்டு கூடிய வயது வரும், ஏனெனில் கடல்நீரிலுள்ள காபனே பழையது. அதற்குக் கடலுக்கான தனித் திருத்த வளைவு உண்டு. களப்பில் ஆற்றுநீரும் கடல்நீரும் காலத்துக்குக் காலம் வெவ்வேறு அளவில் கலப்பதால் அந்தத் திருத்தத்தையும் நிச்சயமாகப் போட முடியாது. இன்னொரு பொறி சுண்ணக்கல். மன்னார், பூநகரிப் பக்கம் அடியில் மயோசின் காலச் சுண்ணக்கல். நிலத்தடி நீர் அதைக் கரைத்து வருவதால் அந்த நீரில் வளரும் பாசியும் நீர்த்தாவரமும் பிறக்கும்போதே “கிழடாக” இருக்கும். மொத்தச் சேற்றைக் கணிப்புக்கு அனுப்பினால் இந்தப் பிழை முழுவதும் உள்ளே வந்துவிடும். ஆகவே தரைத்தாவரத்தின் இலைத்துண்டு, விதை, மெல்லிய குச்சியின் கரி. இவற்றைச் சாமணத்தால் பொறுக்கி எடுங்கள், சில மில்லிகிராம் போதும். பெரிய மரக்கட்டையின் கரியைத் தவிருங்கள். கருங்காலியின் உள்வைரம் மரம் எரிந்த நாளைவிட நூற்றாண்டுகள் பழையதாக இருக்கக்கூடும்.

மேலுள்ள 100, 150 ஆண்டுகளுக்கு ஈயம் 210 (அரைவாழ்வுக்காலம் சுமார் 22 ஆண்டு). அணுகுண்டுச் சோதனைகளால் வந்த சீசியம் 137இன் 1963 உச்சத்தையும் தேடலாம், எங்கள் அகலாங்கில் அது மெலிவு. சவுக்கு மகரந்தம் தொடங்கும் இடமும் உதவும், அது இந்த மண்ணுக்குப் பின்னாளில் கொண்டுவந்து நட்ட மரம். வயதுகள் கைக்கு வந்ததும் பேக்கன் என்ற இலவச மென்பொருளில் ஆழத்தையும் வயதையும் இணைத்து வளைவு போடுங்கள். “இன்றைக்கு முன்” என்று இந்தத் துறையில் எழுதினால் இன்று என்பது 1950.

ஆறாம் படி: மகரந்தத்தைப் பிரித்தெடுத்தல்

ஒரு கன சென்ரிமீற்றர் சேறு. முதல் சுற்றில் 10 சென்ரிமீற்றருக்கு ஒன்று, மாற்றம் தெரியும் இடத்தில் பிறகு நெருக்கமாக.

தொடக்கத்திலேயே லைக்கோபோடியம் என்ற தாவரத்தின் வித்திகள் அடங்கிய வில்லை ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு தொகுதி வில்லையிலும் எத்தனை வித்தி என்று எண்ணி அச்சிட்டிருப்பார்கள். வில்லையில் 20,000 வித்தி இருந்து, எண்ணும்போது 300 மகரந்தத்துக்கு 150 வித்தி வந்தால், அந்தச் சேற்றில் 40,000 மகரந்தம். விழுக்காடு மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. கண்டல் திடீரெனப் பெருகினால் மற்றெல்லாம் குறைந்ததுபோல் விழுக்காடு பொய் சொல்லும். ஆகவே செறிவையும் பாருங்கள். விழுக்காட்டுக் கூட்டலில் கண்டலையும் நீர்த்தாவரத்தையும் சேர்க்காமல் தரைத்தாவரத்தைத் தனியே போடுங்கள்.

10 விழுக்காடு ஐதரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், வில்லையையும் கரைக்கும். கழுவி, 10 விழுக்காடு பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் சுடவைத்தால் கருஞ்சாயம் போகும். அரிதட்டில் வடித்துக் கரடானவற்றை நீக்குங்கள். அடுத்தது மணலும் களியும். மரபான முறை ஐதரோபுளோரிக் அமிலம். தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கி எலும்புவரை போகும், உயிரையும் எடுக்கும். அதற்கான புகைபோக்கி, கையுறை, கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பு, பயிற்சி பெற்ற ஆள் இல்லாத இடத்தில் அந்தப் போத்தலையே வாங்காதீர்கள். சோடியம் பொலிதங்ஸ்ரேற்றுப் பாரக்கரைசலில் மகரந்தத்தை மிதக்கவிட்டுப் பிரிப்பது பாதுகாப்பான வழி. விலை கூட, ஆனால் வடித்துத் திரும்பப் பாவிக்கலாம்.

கடைசியாக, எஞ்சிய செலுலோசை அகற்ற, ஒன்பது பங்கு அசற்றிக் நீரிலிக்கு ஒரு பங்கு செறிந்த சல்பூரிக் அமிலம் சேர்த்துச் சில நிமிடம் சூடாக்குவது. இந்தக் கலவை நீரைக் கண்டால் சீறி வெடிக்கும். அதனால் முன்னும் பின்னும் தூய அசற்றிக் அமிலத்தால் கழுவி, குழாயில் ஒரு துளி நீர்கூட இல்லாமல் செய்ய வேண்டும். காட்டில் சேர்த்த இன்றைய பூக்களுக்கும் இதே சிகிச்சை கொடுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே தோற்றத்தில் வரும்.

எஞ்சியதைக் கிளிசரினிலோ சிலிக்கன் எண்ணெயிலோ கலந்து கண்ணாடி வழுக்கியில் ஏற்றி, குறைந்தது 300 தரைத்தாவர மணி வரும்வரை எண்ணுங்கள். கூடவே கரித்துகளையும் எண்ணுங்கள். நெல்லைப் பற்றி ஒரு சொல்: புல் மகரந்தத்தில் பெரியது எல்லாம் நெல் அல்ல, எங்கள் குளங்களில் காட்டுநெல்லும் உண்டு, அளவு ஒன்றின்மேல் ஒன்று விழும். நெல் என்று எழுதுமுன் உமியின் இரட்டைக் கூம்புள்ள சிலிக்காத் துகள்களையும் தேடுங்கள்.

ஏழாம் படி: மகரந்தம் சொல்லாததை வேறிடம் கேட்டல்

இலைமெழுகு. இலையின் மேல்மெழுகில் 27, 29, 31 என்று ஒற்றை எண் காபன் கொண்ட நீண்ட சங்கிலிகள் உண்டு. மரங்களின் மெழுகில் காபன் 13 அளவு சராசரி -35 அளவிலும், வெப்பவலயப் புற்களில் -20 அளவிலும் இருக்கும் (ஆயிரத்துக்கு). இதனால் காடா புல்வெளியா என்று தெரிந்துவிடும் என்பார்கள். வன்னியில் அவ்வளவு சுலபமில்லை. இந்த எண்ணில் நெல், மரங்களின் பக்கம் நிற்கும்; குரக்கன், புற்களின் பக்கம் நிற்கும். காடு வெட்டி வயலாக்கினால் இந்த எண் பெரிதாக அசையாது. காடு எரித்துக் குரக்கன் சேனை போட்டால் அசையும். அதே மெழுகின் ஐதரசன் சமதானி (பாரமான, இலேசான ஐதரசன்களின் விகிதம்) மழையைப் பற்றிச் சொல்லும். மெழுகு மாதிரியை ஒருபோதும் பிளாஸ்ரிக்கில் சுற்றாதீர்கள், எரித்துச் சுத்தமாக்கிய அலுமினியத் தாளில் வையுங்கள்.

போராமினிபெரா, டயற்றம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி). களப்பில் எந்த இனம் வாழ்ந்தது என்பதே நீர் உப்பா நன்னீரா என்று சொல்லிவிடும். ஆழ்கடல் மாதிரியில் ஓடுகளின் ஒட்சிசன் 18ஐ அளப்பார்கள்; நீர் ஒரு பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ ஆயிரத்துக்கு 0.2 கூடும், பனியூழி உச்சத்தில் பனிக்கட்டியால் மட்டும் ஆயிரத்துக்கு 1 அளவு கூடியது. விரிகுடாவில் ஆற்று நன்னீரும் இதைக் குறைப்பதால் மக்னீசியம், கல்சியம் விகிதத்தால் வெப்பத்தைத் தனியே அறிந்து கழிக்க வேண்டும். இவை அனுப்பிச் செய்விக்கும் அளவீடுகள். கேட்கத் தெரிந்தால் போதும்.

முல்லைத்தீவுக்கு வெளியே கடல் மாதிரி எடுப்பவர்களுக்கு இன்னொன்று. கார்த்திகை, மார்கழியில் இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். கோதாவரி, கிருஷ்ணா கொண்டுவந்த களியும் மகரந்தமும் அதோடு வரலாம். சோளகத்திலோ எங்கள் காட்டு மகரந்தம் தரையிலிருந்து கடலுக்கு அடிபடும். கடல் மாதிரியில் காண்பது முழுவதும் வன்னிக் காடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எட்டாம் படி: வறட்சியா, குளமா?

உங்கள் வரைபடத்தில் ஓர் இடத்தில் காட்டு மரம் குறைகிறது, புல் கூடுகிறது, கரி கூடுகிறது, உமரி கூடுகிறது, டயற்றம் உப்பு நீரைச் சொல்கிறது. பாடப்புத்தகப்படி இது வறட்சி. வன்னியில் இதற்கு இன்னொரு விடையும் உண்டு, குளம்.

ஆற்றை மறித்து அணை கட்டினால் களப்புக்கு நன்னீர் குறையும், உப்பு ஏறும், உமரி பரவும். மேலே காடு வெட்டுவார்கள், எரிப்பார்கள், புல்லினத்தைச் சேர்ந்த நெல்லை விதைப்பார்கள். சேறும் குளத்திலேயே தங்கிவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடு கட்டி எழுந்தபோது கனகராயன் ஆற்றுக்கு இதுதான் நடந்தது. கட்டுக்கரைக் குளம் போன்றவற்றைப் பார்த்தால், பழைய காலத்தில் அருவி ஆற்றுப் படுகையிலும் அப்படியே. மழை ஒரு துளியும் குறையாமலே களப்பில் வறட்சியின் அடையாளங்கள் அத்தனையும் பதிவாகும். களப்பின் மணற்றடை அடைபட்டாலும் உப்பு மாறும், அதற்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லை.

பிரித்தறிய வழி இருக்கிறது. முதலில் மெழுகின் ஐதரசன் சமதானியைப் பாருங்கள். அணை கட்டியதால் அது நேரடியாக மாறாது, மழை மாறினால் மாறும். அது அசையாமல் மற்றதெல்லாம் அசைந்தால் மனிதர் பக்கம் சாயுங்கள். அடுத்து அந்த ஆறு வந்து சேராத, அணை இல்லாத இன்னொரு களப்பிலும் அதே காலத்தில் அதே மாற்றம் தெரிகிறதா? நாயாற்றிலும் சுண்டிக்குளத்திலும் ஒரே நூற்றாண்டில் தெரிந்தால் காலநிலை என்று சொல்லலாம். ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஆற்றின் மேற்பக்கம் போய்ப் பழைய அணைக்கட்டுத் தேடுங்கள். கரியோடு நெல்லின் சிலிக்காத் துகளும் சேர்ந்து தொடங்கினால் விவசாயம். கரி மட்டும் கூடி நெல் இல்லையென்றால் காட்டுத்தீயாகவும் இருக்கலாம், சேனையாகவும் இருக்கலாம். 7,000 ஆண்டுக்கு அருகிலுள்ள அடிப்பகுதியில் கண்டல் பெருகுவது பெரும்பாலும் கடல் ஏறியதன் விளைவு, மழையின் விளைவு அல்ல.

எந்த மாற்றம் முக்கியமானது, எந்த இடத்தில் வலயம் பிரிப்பது என்பதைக் கண்ணால் தீர்மானிக்காமல் ஆர் என்ற இலவச மென்பொருளின் ரியோஜா பொதியில் அடுக்குக் கொத்தாக்கம் (அடுத்தடுத்த மாதிரிகளை ஒற்றுமைப்படி கூட்டாக்குவது) செய்து பாருங்கள். கணினி பிரித்த இடமும் உங்கள் கண் பிரித்த இடமும் ஒத்துவராவிட்டால், வழுக்கிகளை மறுபடி எண்ண வேண்டிய மாதிரிகள் எவை என்பதும் தெரிந்துவிடும்.

முடிந்த பிறகு வைக்க வேண்டியவை

விழுக்காட்டு வரைபடத்தை மட்டும் வெளியிட்டுவிட்டுக் கணக்கைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு மாதிரியின் எண்ணிக்கை, சேர்த்த வில்லையின் தொகுதி எண், ஆய்வுகூடம் தந்த வயது இலக்கமும் பிழை அளவும், அகலாங்கு, நெட்டாங்கு, நீர் ஆழம், எடுத்த தேதி, நசுங்கிய அளவு எல்லாவற்றையும் நியோட்டோமா என்ற பொதுத் தரவுத்தளத்தில் அல்லது பங்கேயாவில் ஏற்றிவிடுங்கள். காப்புப் பாதி இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, ஈரமான பஞ்சுத் துண்டோடு குளிர்ப்பெட்டியில். பூ மாதிரிகளும் வழுக்கிகளும் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒரு பல்கலைக்கழகத் துறையின் அலுமாரியில், இலக்கமிட்ட பட்டியலோடு. மின்தடை நேரத்தில் குளிர்ப்பெட்டியை யார் கவனிப்பது என்று பெயர் குறித்து ஒட்டிவிடுங்கள்.